நாலு பேர் முன்னால்

பலர் ஏற்கெனவே கூடி அமர்ந்திருக்கும் ஓர் அறைக்குள் கடைசி ஆளாக நுழைய நேரும்போது, எல்லாத் தலைகளும் ஒரு கணம் நம் பக்கம் திரும்புகின்றன என்ற ஒரே காரணத்தால், இருதயம் படபடத்து, உள்ளங்கை வியர்த்து, நா வறண்டு, காது மடல்கள் சூடேறி, எப்படியாவது இவ்விடத்தை விட்டுப் போய்விட்டால் போதும் என்று மனம் தவிக்கிற அனுபவம், மனிதராய்ப் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒரு சந்தர்ப்பத்திலேனும் நேர்ந்திருக்கும். உயிருக்கு ஆபத்து வரும்போது தேகம் என்னென்ன ஆயத்தங்களைச் செய்துகொள்ளுமோ, அதே ஆயத்தங்களைத்தான், பெண் பார்க்க வந்தவர்கள் அமர்ந்திருக்கும் கூடத்துக்குள் காப்பித் தட்டை ஏந்திச் செல்லும் பெண்ணின் தேகமும், நேர்முகத் தேர்வு அறைக்கு வெளியே தன் பெயர் அழைக்கப்படுவதற்காகக் காத்திருக்கும் பட்டதாரியின் தேகமும் செய்துகொள்கின்றன. சிறுநீரகங்களின் மேல் அமைந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தம் சாரத்தை இரத்தத்தில் கலக்கின்றன, மூச்சு மேலேறுகிறது, வயிற்றுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்கு மிகுகிறது. ஓடுவதற்கோ போரிடுவதற்கோ வேண்டிய இந்த ஏற்பாடு, ஓடவும் வழியின்றிப் போரிடவும் காரணமின்றி, புன்னகையோடு நின்று இரண்டு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் வந்து வாய்ப்பதே இந்த அச்சத்துக்குரிய விசேஷமான துன்பம்.

மனிதரும் விலங்குகளும் தம் உணர்ச்சிகளை வெளிக்காட்டும் விதங்களை ஆராய்ந்து 1872-ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் வெளியிட்ட நூலில், முகம் சிவத்தலைப் பற்றி மாத்திரம் ஓர் அத்தியாயம் முழுவதையும் அவர் செலவிட்டிருக்கிறார். கிச்சுகிச்சு மூட்டி ஒருவனைச் சிரிக்கச் செய்யலாம், அடித்து அழச் செய்யலாம். ஆனால் தேகத்தைத் தொடும் எந்த உபாயத்தினாலும் ஒருவன் முகத்தை நாணத்தால் சிவக்கச் செய்ய இயலாது, அதற்கு மனத்தையே தொட்டாக வேண்டும் என்பதை அவர் கவனித்தார். பிறர் நம்மைப் பற்றி என்ன எண்ணுகிறார்கள் என்று நாம் எண்ணுவதுதான் இரத்தத்தை முகத்துக்கு ஏற்றுகிறது என்பது அவர் கண்ட முடிவு. நூறாண்டுகளுக்குப் பின் வந்த மனோதத்துவ ஆராய்ச்சியைப் படிக்கும்போதெல்லாம், அது பெரும்பாலும் இந்த ஒரு முடிவுக்கு எழுதப்பட்ட விரிவுரையே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எதிரே இருப்பவர்களைப் பார்க்க வேண்டிய மனம், அவர்களுடைய கண்களைக் கடன் வாங்கிக்கொண்டு தன்னையே பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அச்சம் அந்த இடத்தில் பிறக்கிறது, சிகிச்சையும் அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சபைக்கு அஞ்சுதல் நம் காலத்து வியாதியன்று. திருவள்ளுவர் அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும், அதற்கு அடுத்தபடியாக அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, கற்றிருந்தும் சபையில் நாவெழாதவனுடைய கல்வியால் பயனில்லை என்று கடிந்துரைத்திருக்கிறார். ஆனால் அந்த நா ஏன் எழவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, நாமெல்லாரும் நன்கு அறிந்த ஒரு மனிதரின் சரித்திரம் உதவும். லண்டனில் பாரிஸ்டர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அங்கம் வகித்த இளைஞர் காந்தி, ஒரு முக்கியமான விவாதத்தில் தம் அபிப்பிராயத்தைத் தெரிவிக்க விரும்பியும், எழுந்து பேசத் துணிவின்றி, அதனை எழுதி எடுத்துப் போக, வேறொருவர் அதை வாசிக்க வேண்டியதாயிற்று. இந்தியாவுக்குத் திரும்பிப் பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் தம் முதல் வழக்கை முப்பது ரூபாய் பீஸுக்கு ஏற்று, எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தபோது, தலை சுற்றியது; கோர்ட்டே சுழல்வதுபோல இருந்தது; கேட்பதற்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார், பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவசரமாக வெளியேறினார். சட்டம் தெரியாமலா அவருக்குக் கேள்வி எழாமற் போயிற்று? அதே மனிதர் 1893-ல், பிரிட்டோரியாவில் வாழ்ந்த இந்திய வியாபாரிகளைக் கூட்டி, வியாபாரத்தில் வாய்மையைக் கடைப்பிடிக்க வேண்டிய அவசியத்தைப் பற்றியும், அங்கே இந்தியர்கள் படும் இன்னல்களைப் பற்றியும் பேசினார். அதுவே தம் வாழ்நாளில் தாம் செய்த முதல் பொதுப் பிரசங்கம் என்று அவர் எழுதியிருக்கிறார். இடைப்பட்ட காலத்தில் அவர் பேச்சுக்கலையை யாரிடமும் பயின்றதாகத் தெரியவில்லை. பம்பாயில் அவருடைய கவனம் தம் திறமையின்மீது இருந்தது, பிரிட்டோரியாவில் எதிரே இருந்தவர்களின் துன்பத்தின்மீது இருந்தது என்பது நான் செய்துகொள்ளும் ஊகம். எனினும் ஆராய்ச்சியாளர்களின் முடிவுகளோடு இந்த ஊகம் வெகுவாகப் பொருந்துகிறது.

தம் சங்கோசத்தினால் சிற்சில வேளைகளில் பிறருடைய சிரிப்புக்கு இடமானதைத் தவிரத் தமக்குத் தீங்கு ஒன்றும் விளையவில்லை என்றும், அளந்து பேசும் பழக்கத்தை அதுவே தமக்குத் தந்தது என்றும் காந்தியடிகள் தம் சுயசரிதத்தில் சொல்லியிருப்பதையும் மறந்துவிடக் கூடாது. கூச்ச சுபாவம் வியாதியல்ல. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் 1970-களில் பிலிப் சிம்பார்டோ நடத்திய விசாரணையில், ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேர் தம்மைக் கூச்சமுடையவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஹார்வர்டில் ஜெரோம் கேகன் என்ற அறிஞர் நான்கு மாதக் குழந்தைகளுக்கு முன்னே வண்ணப் பொம்மைகளை ஆட்டியும், அறிமுகமில்லாத குரல்களைக் கேட்கச் செய்தும், மூக்கருகே மதுசார வாடையைக் காட்டியும் சோதித்தபோது, ஐந்தில் ஒரு குழந்தை கைகால்களை உதைத்துக்கொண்டு வீறிட்டழுதது. ஐந்தில் இரண்டு குழந்தைகள் ஒன்றும் நேராததுபோல் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தன. வீறிட்டழுத குழந்தைகள், இரண்டு வயதில் புதியவர்களைக் கண்டால் தாயின் முந்தானைக்குப் பின்னே ஒதுங்குவோராகவும், பள்ளிப் பருவத்தில் ஒதுங்கி நிற்போராகவும் ஆவதற்கு மற்றவர்களைக் காட்டிலும் அதிக வாய்ப்பிருந்தது. ஆனால் அவர்கள் எல்லாரும் அவ்விதம் ஆகிவிடவில்லை. பிறவியில் வந்த நரம்பின் கூர்மை ஒரு சாய்வைத் தருகிறதே தவிர, தலையெழுத்தைத் தருவதில்லை. குழந்தை அஞ்சும் ஒவ்வொன்றையும் அதன் கண்ணிலிருந்து மறைத்து அரவணைத்த தாய்மாரின் குழந்தைகளிடத்தில் அச்சம் நிலைத்து நின்றதென்றும், அன்போடு சிறிது கண்டிப்பையும் காட்டியவர்களின் குழந்தைகளிடத்தில் அது தணிந்ததென்றும் கேகன் குழுவினரின் ஆராய்ச்சி காட்டியது. விருந்தினர் வந்து பெயரைக் கேட்டால், குழந்தை வாய் திறக்குமுன்னே அதற்காக விடை சொல்லிவிட்டு, "இவன் கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று முத்திரையும் குத்திவிடுகிற நம் வீட்டுப் பெரியவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

கூச்சம் எப்பொழுது சிகிச்சை வேண்டும் நிலையை அடைகிறது? அது மனிதனுடைய வாழ்க்கையைக் குறுக்கத் தொடங்கும்போது. பதவி உயர்வு வந்தால் கூட்டங்களில் பேச வேண்டியிருக்குமே என்று அதனை மறுத்துவிடுகிறவர், பாங்கியில் குமாஸ்தா பார்த்துக்கொண்டிருக்கும்போது கையெழுத்திட்டால் கை நடுங்கும் என்று தம்பியை அனுப்புகிறவர், கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் அமராமலேயே பசியோடு வீடு திரும்புகிறவர், பரீட்சைகளிலெல்லாம் தேறிவிட்டு வாய்மொழித் தேர்வு உண்டென்பதனால் மேற்படிப்பையே கைவிட்ட பெண்: இவர்களெல்லாரும் இந்த வரம்பைத் தாண்டியவர்கள். இந்நிலை ஒரு தனி நோய் என்பதை லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்னும் இருவர் 1966-ல் எடுத்துக் காட்டினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் 1980-ல்தான் அது இடம்பெற்றது. ஆறு மாதங்களுக்கோ அதற்கு மேலோ நீடித்து, படிப்பையோ தொழிலையோ உறவையோ கெடுக்கும் அச்சத்தையே இன்று நோயாகக் கொள்கிறார்கள். பெரும்பாலோருக்கு இது பதின்மூன்று வயதையொட்டித் தொடங்குகிறது. அமெரிக்காவில் எட்டில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்பொழுதேனும் இது நேர்கிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பரவலான துன்பத்துக்கு ஆளானவர்கள் மருத்துவரிடம் வருவதற்குள் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்துவிடுகின்றன. அந்நியரிடம் பேச அஞ்சுகிற நோய்க்குச் சிகிச்சையோ ஓர் அந்நியரிடம் போய்ப் பேசுவதாக இருக்கிறதல்லவா? அதற்குள் படிப்பும் கல்யாணமும் வேலையும் நிச்சயமாகிவிடுகின்றன. என் நெஞ்சை மிகவும் வருத்துவது இந்தத் தாமதந்தான்.

இனி, இந்த அச்சம் ஏன் தானாகக் கரைந்து போவதில்லை என்ற கேள்விக்கு வருவோம். நீச்சலுக்கு அஞ்சுகிறவன் நீரைவிட்டு விலகியிருக்கலாம். மனிதருக்கு அஞ்சுகிறவனோ தினந்தோறும் மனிதர்களோடு பழகித்தான் தீர வேண்டும். அப்படிப் பழகியும் ஒரு விபரீதமும் நேராதிருக்க, அச்சம் ஏன் தேய்ந்துபோகக் கூடாது? ஆக்ஸ்ஃபர்டில் பணியாற்றிய டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள் 1995-ல் இதற்கு அளித்த விடை, என் மதிப்பில், இத்துறையிலேயே மிகவும் பயனுள்ள கருத்து. வகுப்பில் எழுந்து நின்று பத்து நிமிஷம் பேச வேண்டிய ஒரு கல்லூரி மாணவனை எடுத்துக்கொள்வோம். அவன் எழுந்த கணமே அவனுடைய கவனம் வகுப்பைவிட்டுத் தன்னிடம் திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, கை ஆடுகிறதா, முகத்தில் வேர்வை அரும்புகிறதா என்று ஒவ்வொன்றாக அவன் சோதித்துக்கொண்டிருக்கிறான். அப்போது அவன் மனத்தில் தன்னைப் பற்றிய ஒரு சித்திரம் எழுகிறது. கடைசி பெஞ்சில் இருப்பவன் பார்ப்பதுபோன்ற கோணத்தில், வேர்த்துக் கொட்டி, உளறிக்கொண்டு நிற்கும் ஒரு பரிதாப உருவம் அவனுக்குத் தெரிகிறது. அந்தச் சித்திரம் எதிரே இருப்பவர்களின் முகங்களைப் பார்த்து எழுதப்பட்டதன்று. உள்ளே படபடக்கும் நெஞ்சையும் கொதிக்கும் காதுகளையும் கொண்டு அவன் மனமே தீட்டிக்கொண்டது. ஆயினும் அதையே அவன் பிரத்தியட்சமாக நம்புகிறான். முன்வரிசையில் ஒருத்தி ஆவலோடு குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை அவன் காண்பதேயில்லை, ஏனெனில் அவன் அவளைப் பார்க்கவேயில்லை.

பிறர் நம்மை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதில் நமக்கு இருக்கும் பிரமையைக் கார்னெல் சர்வகலாசாலையில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் ஓர் எளிய சோதனையினால் அளந்தார்கள். பாரி மேனிலோ என்ற பாடகரின் படம் போட்ட, அக்காலத்து மாணவர்கள் அணிந்துகொள்ள வெட்கப்படும் பனியன் ஒன்றை ஒரு மாணவனுக்கு அணிவித்து, மற்றவர்கள் அமர்ந்திருந்த அறைக்குள் சிறிது நேரம் அனுப்பிவிட்டு, "உன் சட்டையில் இருப்பது யார் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் என்று அணிந்தவர்கள் சொன்னார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நாலில் ஒரு பங்கினரே. 2000-ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆராய்ச்சியில் பங்குகொண்டவர்கள் நோயாளிகள் அல்லர், சாதாரண மாணவர்கள். சாமானியருக்கே இந்தப் பிரமை இரு மடங்கு என்றால், தன்னையே சதா பார்த்துக்கொண்டிருப்பவனுடைய பிரமை எவ்வளவு பெரிதாயிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கிளார்க்கும் வெல்ஸும் சுட்டிக்காட்டிய மற்றொரு விஷயம் இன்னும் ஆழமானது. அஞ்சுகிறவன் சும்மா இருப்பதில்லை. அவமானத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பல காப்புகளைக் கையாள்கிறான். வேர்வை தெரியாதிருக்கக் கறுப்புச் சட்டை அணிகிறான். கை நடுங்காதிருக்கத் தம்ளரை இரு கைகளாலும் இறுகப் பற்றுகிறான். ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்த பிறகே வெளியிடுகிறான். கண்ணோடு கண் சேராமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சீக்கிரம் முடித்துவிடலாமென்று மூச்சுவிடாமல் பேசுகிறான். பேய்க்குப் பயந்து தலைமாட்டில் இரும்பையும் வேப்பிலையையும் வைத்துக்கொண்டு உறங்குகிறவன், விடிந்து பார்த்துப் பேய் வரவில்லையென்று கண்டால், பேய் இல்லையென்று முடிவு செய்வதில்லை, இரும்பு காப்பாற்றியதென்றே முடிவு செய்கிறான். அதுபோலவே, ஒரு கூட்டம் விபரீதமின்றி முடிந்தால் அந்தப் புகழ் முழுவதும் காப்புகளுக்குப் போய்ச் சேருகிறது, அச்சம் குறைவதில்லை. அது மட்டுமா? இந்தக் காப்புகளே அஞ்சியதை உண்டாக்கிவிடுகின்றன. இறுகப் பிடித்த கைதான் அதிகமாக நடுங்குகிறது. கறுப்புச் சட்டையும் அதன்மேல் போட்ட கோட்டும் வேர்வையை மிகுவிக்கின்றன. உள்ளே ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பவன் எதிரே இருப்பவர் சொன்னதைக் கேளாமல் வேறெதையோ விடையாகச் சொல்கிறான். கண்ணைத் தாழ்த்தி, ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி விலகிப் போகிறவனைப் பார்த்து, அவன் நெஞ்சு படும் பாட்டை அறியாத உலகம் "தலைக்கனம் பிடித்தவன்" என்று பெயர் வைக்கிறது. பிறருடைய நல்ல அபிப்பிராயத்துக்காகவே ஏங்கித் தவிக்கும் ஒருவனுக்கு இதைவிடக் கொடிய கைம்மாறு வேறென்ன இருக்க முடியும்? கூட்டம் கலைந்த பிறகாவது அவனுக்கு அமைதி உண்டோ என்றால் அதுவும் இல்லை. இரவெல்லாம் விழித்திருந்து, சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்து விசாரணை நடத்தி, சாட்சிகள் எவரையும் அழைக்காமலே தனக்கு எதிராகத் தீர்ப்பெழுதிக்கொண்டு, அந்தத் தீர்ப்பை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துச் செல்கிறான்.

"தைரியமாக இரு", "பயப்படாதே", "இதில் என்ன வெட்கம்?" என்று நம் வீடுகளில் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் உபதேசங்கள் ஏன் பயன் தருவதில்லை என்பது இப்போது விளங்கும். இந்த மனிதனிடத்தில் தைரியம் குறைவாக இல்லை. தினமும் இவ்வளவு அச்சத்தைச் சுமந்துகொண்டு பஸ் ஏறிக் கல்லூரிக்கும் காரியாலயத்துக்கும் போய்வருகிறவனுடைய தைரியம் சாமானியமானதன்று. தன் நம்பிக்கை மெய்யா பொய்யா என்று காப்புகளை நீக்கிவிட்டுப் பரீட்சித்துப் பார்க்கும் வாய்ப்புத்தான் அவனுக்கு இல்லாதது. மனநல ஆலோசனை அந்த வாய்ப்பைத் தருகிறது.

இப்படிப்பட்ட பரீட்சையை, எவருடைய துணையுமின்றித் தனக்குத் தானே செய்துகொண்ட ஒருவரை இங்கே குறிப்பிடலாம். நியூயார்க்கில் வளர்ந்த ஆல்பர்ட் எல்லிஸ், 1933-ல், பத்தொன்பது வயதில், பெண்களோடு பேச அஞ்சும் தம் சுபாவத்தை வெல்லத் தீர்மானித்து, பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில் பெஞ்சில் தனியாக அமர்ந்திருந்த ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு நிமிஷத்துக்குள் பேச்சைத் தொடங்கியே தீருவதென்று விதி வகுத்துக்கொண்டார். 130 பேரை அணுகியதில் 30 பேர் எழுந்து போய்விட்டார்கள்; 100 பேர் பேசினார்கள்; ஒருத்தி மறுபடி சந்திக்க இசைந்து, வராமற் போனாள். காதலுக்கான முயற்சியாகப் பார்த்தால் இது படுதோல்வி. ஆனால் யாரும் கூச்சலிடவில்லை, யாரும் போலீசாரை அழைக்கவில்லை, வானம் இடிந்து விழவில்லை என்பதைக் கண்டதே தம்மை மாற்றியது என்று பிற்காலத்தில் பெரிய சிகிச்சை நிபுணராக விளங்கிய எல்லிஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். தனித்திருக்கும் பெண்களின் அமைதியைக் கெடுக்கும் இத்தகைய பயிற்சியை இன்று எந்த நல்ல ஆலோசகரும் விதிக்கமாட்டார், விதிக்கவும் கூடாது. இருந்தாலும் நிராகரிப்பைத் தவிர்க்க முயலாமல், அது வந்தால் என்ன ஆகிறது என்று பார்க்கத் துணிந்த அந்த இளைஞரின் முறையில் பிற்காலத்துச் சிகிச்சையின் வித்து இருக்கிறது.

ஆலோசனை என்றவுடன் சாய்நாற்காலியில் படுத்துக் குழந்தைப் பருவத்தை நினைவுகூர்வதென்றோ, பெரியவர் ஒருவர் புத்திமதி சொல்வதென்றோ பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கிளார்க்கின் முறையில், வாரம் ஒரு முறையாகச் சுமார் பதினான்கு சந்திப்புகள் வரை நிகழும் சிகிச்சை, பெரிதும் ஓர் ஆராய்ச்சிச் சாலையின் வேலையை ஒத்திருக்கிறது. முதலில் ஆலோசகரும் வந்தவரும் சேர்ந்து, அண்மையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்து, என்ன நினைத்தார், எதைக் கவனித்தார், என்னென்ன காப்புகளைச் செய்தார் என்பதை ஒரு தாளில் படமாக வரைந்துகொள்கிறார்கள். பிறகு அறையிலேயே ஒரு சோதனை. அறிமுகமில்லாத ஒருவரோடு சில நிமிஷம் பேசச் சொல்கிறார்கள். முதல் தடவை, வழக்கம்போலத் தன்னையே கவனித்துக்கொண்டு, எல்லாக் காப்புகளையும் கைக்கொண்டு. இரண்டாம் தடவை, காப்புகளையெல்லாம் விட்டுவிட்டு, எதிரே இருப்பவர் சொல்வதில் மாத்திரம் கவனத்தைச் செலுத்தி. எது எளிதாக இருந்தது, எதில் நன்றாகப் பேசியதாகத் தோன்றுகிறது என்று கேட்டால், காப்போடு பேசியதே கடினமாக இருந்ததென்று அவர்களே வியப்போடு சொல்வது வழக்கம். இரண்டு சம்பாஷணைகளும் வீடியோவில் பதிவாகியிருக்கும். அதைக் காட்டுவதற்கு முன்னால் ஆலோசகர் ஒரு கேள்வி கேட்கிறார். நம் மாணவனை அங்கே அமர்த்திப் பார்த்தால் பேச்சு ஏறக்குறைய இப்படி நடக்கும்:

"தம்பி, வீடியோவைப் போடறதுக்கு முன்னாடி சொல்லுங்க, அதில நீங்க எப்படித் தெரிவீங்கன்னு நினைக்கிறீங்க?"

"முகமெல்லாம் வேர்த்து, குரல் ஆடி, பார்க்கவே சகிக்காது மேடம்."

"எவ்வளவு வேர்வை? நெத்தியில துளித்துளியா நிக்கிற அளவுக்கா? குரல் எந்த இடத்தில ஆடியிருக்கும்?"

இவ்வாறு அவன் மனத்திலுள்ள சித்திரத்தை நுணுக்கமாக வார்த்தையில் வடித்த பிறகு, திரையில் தெரிபவனைத் தான் என்று எண்ணாமல், யாரோ ஓர் அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்க்கச் சொல்கிறார்கள். சொன்னதற்கும் கண்டதற்கும் உள்ள தூரம் அவனுக்கே தெரிகிறது. ஒருவர் எடுத்துச் சொல்லி நம்புவதற்கும், தன் கண்ணாலேயே காண்பதற்கும் உள்ள பேதம் பெரியது. இந்தச் சிகிச்சையில் ஆலோசகர் மிகக் குறைவாகவே வாதாடுகிறார் என்பதை நான் இதன் பெரும் சிறப்பாகக் கருதுகிறேன்.

அதன் பிறகு சோதனைகள் அறையைவிட்டு வெளியே போகின்றன. கடையில் நிற்கும்போது வேர்வை தெரிந்தால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள் என்று அஞ்சுகிறவர், சட்டையின் அக்குளை வேண்டுமென்றே தண்ணீரால் நனைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார். போவதற்கு முன் என்ன நடக்குமென்று எதிர்பார்க்கிறார் என்பதை எழுதிவைக்கிறார். போன பிறகு கண்ணை நிமிர்த்தி முகங்களைப் பார்க்கிறார். திரும்பி வந்து நடந்ததை எழுதுகிறார். பேச்சின் நடுவே சொல் மறந்தால் முட்டாளென்று நினைப்பார்கள் என்பவர், வேண்டுமென்றே பேச்சை நிறுத்திச் சில கணங்கள் மௌனமாக நிற்கிறார். பல வேளைகளில் ஆலோசகரே முதலில் இதைச் செய்து காட்ட, வந்தவர் தள்ளி நின்று மற்றவர்களின் முகத்தைக் கவனிக்கிறார். பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுவதும் சிரித்த ஒரு நாள், தந்தை உறவினர் முன்னிலையில் ஏளனம் செய்த ஒரு மாலை, இப்படி ஏதேனும் பழைய நிகழ்ச்சியிலிருந்தே அந்த மனச்சித்திரம் வந்திருக்குமானால், இன்றைய வயதின் அறிவோடு அந்த நினைவுக்குள் திரும்பச் சென்று, அன்று அந்தச் சிறுவனுக்குக் கிடைக்காத ஆறுதலைக் கொடுக்கும் பயிற்சியும் உண்டு. இரவில் நடத்தும் விசாரணையை நிறுத்திவிடுவதென்ற உடன்பாட்டையும் அவர்கள் செய்துகொள்கிறார்கள்.

இவ்வளவும் வெறும் அபிப்பிராயந்தானா என்று கேட்பது நியாயம். இங்கிலாந்தில் 62 பேரைக் கொண்டு நடத்தி 2006-ல் வெளியிட்ட சோதனையில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 84 பேர் சிகிச்சையின் முடிவில் நோயின் வரையறைக்குள் அடங்காத நிலையை அடைந்தார்கள். அஞ்சும் சூழ்நிலைகளை அடுத்தடுத்துப் பழகும் பயிற்சியும் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் மாத்திரம் பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. பழகப் பழகச் சரியாகிவிடும் என்ற பொதுக் கருத்தில் பாதி உண்மை இருக்கிறதென்பதையும், எதைக் கவனித்துக்கொண்டு பழகுகிறோம் என்பதில் மறுபாதி அடங்கியிருக்கிறதென்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன. 2014-ல், 13,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்குகொண்ட 101 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தபோதும், ஆலோசகரும் நோயாளியும் தனித்துச் சந்தித்து நடத்தும் இவ்வகைச் சிகிச்சையே முன்னணியில் நின்றது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹெய்ம்பர்க் வகுத்த முறையில், இதே அச்சமுடைய சிலரைக் குழுவாக அமர்த்திப் பன்னிரண்டு வாரங்கள் பயிற்சி தருகிறார்கள். ஆலோசகர் தொகை குறைவாக உள்ள இடங்களுக்கு அம்முறை மிகவும் ஏற்றது.

மேல்நாட்டார் மாத்திரமே இந்தத் துன்பத்தைச் சிந்தித்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஜப்பானில் ஷோமா மொரிட்டா (1874–1938) என்ற மருத்துவர், இளமையில் தாமே மனக்கலக்கத்தால் வருந்தியவர், முகம் சிவந்துவிடுமோ என்றும், தம் பார்வையோ தேக வாடையோ பிறருக்கு அருவருப்பை உண்டாக்குமோ என்றும் அஞ்சி ஒடுங்கியவர்களுக்காக ஒரு சிகிச்சையை வகுத்தார். சுமார் ஒரு வாரம் எவரோடும் பேசாமல், ஒன்றும் படிக்காமல் படுத்திருக்கச் செய்வார். பிறகு தோட்டத்தில் சிறு வேலை, பிறகு கடின வேலை, இறுதியில் உலக வாழ்க்கை. அச்சத்தை விரட்ட முயலாமல், அது வருமானால் வரட்டுமென்று விட்டுவிட்டு, எதிரே இருக்கும் கடமையில் மனத்தைச் செலுத்த வேண்டும் என்பது அவர் உபதேசித்த வழி. பிறருடைய பார்வைக்குப் பெருமதிப்புத் தரும் கீழ்த்திசைச் சமூகமொன்றிலிருந்து வந்த இந்த முறையும், கவனத்தைத் தன்னிடமிருந்து பெயர்த்து வெளியே செலுத்துவதிலேயே வந்து நிற்பதைக் காணும்போது, இரண்டு திசைகளிலிருந்து புறப்பட்டவர்கள் ஒரே இடத்தில் சந்தித்திருக்கிறார்கள் என்ற உறுதி எனக்கு ஏற்படுகிறது.

மருந்துகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனப் பொருளின் இயக்கத்தை மாற்றும் செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்ற மருந்துகள் பலருக்கு நன்மை செய்கின்றன. பலன் தெரியச் சில வாரங்களாகும். நிறுத்தியபின் அச்சம் திரும்புவதும் உண்டு. இருதயத் துடிப்பை அடக்கும் புரொப்பிரானலால், கச்சேரிக்கோ பிரசங்கத்துக்கோ முன்னால் மாத்திரம் நடுங்குகிறவர்களுக்கு உதவலாமே தவிர, எல்லா மனிதரிடத்தும் கூசுகிறவர்களுக்கு அதனால் பெரும் பயனில்லை. எதையும் மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். விருந்துக்குப் போகுமுன் இரண்டு மடக்கு மது அருந்தினால் கூச்சம் போய்விடுகிறதென்று தொடங்கி, மதுவின்றி எங்கும் போக முடியாத நிலைக்கு வந்து சேர்ந்தவர்கள் மிகப் பலர். அதுவும் ஒரு காப்பு. காப்புகளுக்குள் மிகக் கொடியதும் அதுவே.

நம் ஊரில் ஒரு பெண் தலைகுனிந்து நின்றால் அடக்கமென்று புகழ்கிறார்கள். ஓர் ஆண்பிள்ளை அப்படி நின்றால் "பொம்பளை மாதிரி வெட்கப்படுகிறான்" என்று பரிகசிக்கிறார்கள். புகழ்ச்சி ஒருத்தியின் நோயை மறைத்துவிடுகிறது, பரிகாசம் ஒருவனின் நோயை முற்றச் செய்துவிடுகிறது. வகுப்பில் வாயே திறவாத பிள்ளையைச் சாதுவென்று சொல்லி ஆசிரியர்கள் மகிழ்கிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் அந்த மௌனத்தை ஒருவர் கவனித்து, மெல்ல அழைத்து விசாரித்திருந்தால், இருபத்தைந்தாம் வயதில் வேலையில்லாமல் அறைக்குள் அடைந்து கிடக்கும் நிலை பலருக்கு வந்திராது. மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியமென்று ஊர் பேசும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற நோய்க்கு மருந்து தேடிப் போகிறவனை, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற சொல்லே வாசலில் மறித்து நிற்கிறது.

இப்படி மறிக்கப்பட்டவர்களுக்கு ஓரளவு எளிதான வழிகள் இன்று இருக்கின்றன. மத்திய அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்ற சேவையில், 14416 என்ற எண்ணைத் தொலைபேசியில் அழைத்துக் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. அரசாங்க மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனிப்பட்ட ஆலோசகரிடம் போகிறவர்கள், அவர் எங்கே பயிற்சி பெற்றவர் என்பதையும், பேசிக்கொண்டிருப்பதோடு நிறுத்தாமல் அறைக்கு வெளியே செய்து பார்க்கும் சோதனைகளையும் நடத்துவாரா என்பதையும் முதல் நாளிலேயே கேட்டுவிடலாம். நல்ல ஆலோசகர் இக்கேள்வியால் மனம் வருந்தமாட்டார். கேட்க நா எழாதவர்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டினாலும் போதும். இந்த அச்சமுடையவர்கள் பலர் அவ்விதமே தொடங்குகிறார்கள், ஆலோசகர்கள் அதற்குப் பழகியவர்கள். முதல் சந்திப்புக்கு அக்காளோ நண்பனோ உடன் வருவதில் பிழையில்லை. மூன்றாவது நான்காவது சந்திப்பிலிருந்து அவர்கள் உள்ளே வராமல் வராந்தாவில் காத்திருப்பது நல்லது. பிறகு பஸ் நிலையத்திலேயே நின்றுவிடலாம். கூட வருகிறவரும் ஒரு காப்பாகிவிடுவதுண்டு என்பதனால், எந்த வாரத்தில் தனியாக வருவதென்பதையும் ஆலோசகரோடு கலந்து முன்கூட்டியே குறித்துக்கொள்கிறார்கள்.